பொத்தானை அழுத்திய விரல்

"பட்டனை அழுத்துனது யாரு?"

வெல்டா உகால்டே ஏறக்குறைய முப்பது வருடம் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் சம்பளம் வாங்கினார். பாலைவனத்து நடுவே இருக்கிற எங்கள் சிறிய ஊரான வின்னமக்காவின் பெரிய தெருவில் இருக்கிற காப்பர் லான்டர்ன் சூதாட்ட விடுதியில் அவருக்கு இயந்திரங்கள் நிற்கிற தளத்தில் வேலை. பணம் போட்டுப் பொத்தானை அழுத்தினால் சக்கரம் சுற்றுகிற ஸ்லாட் இயந்திரத்தில் பெரிய பரிசு விழுந்தால் அது தானாகவே பூட்டிக்கொள்ளும். தலைக்கு மேலே விளக்கு சுழலும். அதற்குப் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் அது அசையாது, ஆள் வந்து திறக்க வேண்டும். அந்த ஆள் வெல்டா. முதலில் சிரித்த முகத்தோடு வாழ்த்துவார். அடுத்து இந்தக் கேள்வி.

நெடுஞ்சாலையில் வந்து இறங்குகிற வெளியூர்க்காரர்களுக்கு இது வீண் கேள்வியாகத் தோன்றும். பணம் போட்டவருக்குத்தானே பரிசு? இல்லை. எங்கள் மாநிலத்தில் பணம் யார் பையிலிருந்து வந்தது என்று பார்க்க மாட்டார்கள். பொத்தானை யார் கை அழுத்தியதோ அவர்தான் ஆடியவர், பரிசு அவருக்கு, வரிப் படிவத்தில் ஏறுகிற பெயரும் அவருடையது. ஒருமுறை லாரி ஓட்டுநர் ஒருவர் ராசிக்காகத் தன் தோழியை ஒரே ஒரு தடவை அழுத்தச் சொல்லியிருந்தார். இயந்திரம் கொட்டிவிட்டது.

"பணம் என்னுதுங்க! இவ சும்மா வெரல வெச்சா, அவ்வளவுதான்," என்று அவர் குதித்தார்.

"வெரல வெச்சவங்களுக்குத்தான் பணம்," என்றார் வெல்டா. "இனிமே இவங்ககிட்ட கொஞ்சம் மரியாதையா பேசிப் பழகுங்க."

அந்தத் தோழி விழுந்து விழுந்து சிரித்ததாகச் சொல்வார்கள்.

விளக்கு சுழல ஆரம்பித்ததும் சிலர் அவசரமாக இடம் மாறி உட்கார்வார்கள். வரி பாக்கி வைத்திருப்பவர், முன்னாள் மனைவிக்குப் பணம் தர வேண்டியவர், அரசு உதவி வாங்குகிறவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். தம்பியை உட்கார வைப்பார்கள், பக்கத்து நாற்காலிக்காரரைக் கெஞ்சுவார்கள். வெல்டாவிடம் அது நடக்காது. கூரையில் கேமரா இருக்கிறது என்று மெதுவாக மேலே பார்ப்பார். அதுவும் போதவில்லை என்றால், "எழுந்திரிங்க, எந்த நாற்காலி சூடா இருக்குன்னு தொட்டுப் பாக்கறேன்," என்பார். அவர் ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்க வேண்டி வரவில்லை.

இதனால்தான் பின்னால் அவர் செய்த காரியத்தை ஊர் மொத்தமும் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது. "வெல்டாவுக்கு ரூல்ஸ் பைத்தியம்." அது சரியில்லை. நான் இதை எழுதுவதே அதற்காகத்தான்.

அவர் வேலைக்குச் சேர்ந்தது இயந்திரங்களுக்குள் உண்மையான நாணயம் விழுந்துகொண்டிருந்த காலத்தில். இடுப்பில் கனமான துணிப்பை கட்டி, சில்லறை மாற்றிக் கொடுத்துக்கொண்டே நடக்க வேண்டும். சாயங்காலம் ஆவதற்குள் விரல் பத்தும் கரியாக இருக்கும். கடல் கடந்து ஆடு மேய்க்க வந்து குடியேறிய பாஸ்க் மக்களின் ஹோட்டலில், நீள மேசையில் ஆட்டுக்கறியும் பீன்ஸும் கை மாறி வரும்போது, யார் சில்லறைக்காரி என்பதைக் கையைப் பார்த்தே சொல்லிவிடலாமாம். அப்படி ஒரு மேசையில்தான் ஃபெர்மின் உகால்டே எதிரே உட்கார்ந்திருந்தார். தங்கச் சுரங்கத்தில் வீட்டளவு உயரமுள்ள லாரி ஓட்டுகிறவர். ஏற்கெனவே அவர் முகம் வெல்டாவுக்குத் தெரியும், எப்போதும் ஒரே இயந்திரத்தில் உட்கார்கிறவர் என்று.

"அது ரெண்டு வாரமா எனக்கு ஒண்ணும் குடுக்கல," என்று அவர் மேசையிலேயே முறையிட்டார். "இனிமே குடுத்துத்தான் ஆகணும். எழுந்து போனா வேற எவனாவது அள்ளிட்டுப் போயிருவான்."

"அதுக்கு உங்கள ஞாபகமே கெடையாது," என்றார் வெல்டா. "எனக்கே உங்க பேரு இப்பத்தான் தெரியும்."

அன்றைக்கு அவர் சொன்னதைத்தான் பிறகு முப்பது வருடமும் எல்லோரிடமும் சொன்னார். இயந்திரத்துக்குள் ஒரு மின்னணுச் சில்லு இருக்கிறது. யாரும் உட்காராத போதும் அது எண்களை உருட்டிக்கொண்டே இருக்கும், ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கில். பொத்தான் இறங்குகிற கணத்தில் எந்த எண் நிற்கிறதோ அதுதான் முடிவு. சக்கரம் சுற்றி, தயங்கி, நிற்பதெல்லாம் அப்புறம் நடக்கிற வேடிக்கை. போன தடவை என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியாது. நூறு டாலர் உள்ளே போனால் எழுபத்தைந்துக்குக் குறையாமல் திரும்பி வர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பெரும்பாலானவை தொண்ணூறுக்கு மேலேயே தரும். ஆனால் அது லட்சக்கணக்கான சுற்றுகளின் சராசரி. ஒரு மனிதன் ஒரு சாயங்காலத்தில் ஆடுகிற ஆட்டத்துக்கு அந்தக் கணக்கு எந்த உத்தரவாதமும் தராது. மிஞ்சுவது விடுதிக்கு. அதில் மாநிலம் தன் பங்கை எடுக்கும். அது போக ஒவ்வொரு இயந்திரத்துக்கும் வருடாவருடம் தனி வரி. அந்த வரியில் ஒரு பகுதி பள்ளிக்கூடங்களுக்கு வருகிறது. நான் படித்த வகுப்பறையின் கூரை யாரோ தோற்ற பணம் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

சில்லை யாரும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மாநிலத்தின் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்து ஆட்கள் சொல்லாமல் வந்து, கதவைத் திறக்கச் சொல்லி, அனுமதித்த சில்லுதானா என்று சோதிப்பார்கள். ஃபெர்மின் இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டு மறுநாளும் அதே இயந்திரத்தில் போய் உட்கார்ந்தார். அவரை மணந்துகொண்டது தன் வாழ்க்கையிலேயே தான் ஆடிய ஒரே சூதாட்டம் என்று வெல்டா சொல்வார்.

வேலையில் இருந்த ஒரு பிற்பகலில், ஓய்வறையில் காலணியின் நாடாவைக் கட்டக் குனிந்தபோது வெல்டாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்தது. கால் ஓரளவு மீண்டது. பேச்சு ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தது, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நீண்ட இடைவெளியோடு. வலது கை வரவில்லை. அது அவர் மடியில் வேறு யாருடையதோ போலக் கிடந்தது.

வேலை போனது. அரசு மருத்துவ உதவித் திட்டத்தில் வாரத்துக்கு நான்கு காலை வேளை வீட்டுக்கு ஓர் உதவியாளர் வந்தார். அவர் பெயர் லவான், பையூட் என்கிற பூர்வகுடி இனத்துப் பெண், எங்கள் தெருவில்தான் இருக்கிறார். நான் எழுதுவதில் பாதி அவர் சொன்னது. குளிப்பாட்டுவார், உடுத்திவிடுவார், பிறகு அந்தக் கையோடு மல்லுக்கட்டுவார். மாவைப் பிசைய வைப்பார், துணிக் கிளிப்பைத் திறக்கச் சொல்வார்.

இந்த உதவிக்கு ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு. வெல்டாவின் பெயரில் ஒரு மாதத்தில் வருகிற பணம் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. ஃபெர்மினின் பெயரில் வருவது கணக்கில் சேராது. அவர் ஓய்வூதியம் எவ்வளவு வந்தாலும் கேள்வியில்லை. யார் பெயரில் வருகிறது என்பதுதான் எல்லாம். வெல்டாவின் பெயரில் வரம்பு தாண்டினால் உதவி நின்றுபோகும், மறுபடி விண்ணப்பித்து வரிசையில் நிற்க வேண்டும். வரிசை ஏறக்குறைய ஒரு வருடம் நீளும்.

ஒரு நாள் லவான் கிளிப்பைத் தூக்கி மேசையில் போட்டார். "இந்தக் கிளிப்பு மேல இவங்களுக்கு ஆசையே இல்ல. ஏதாவது பட்டன் அழுத்தணும். அழுத்துனா லைட்டு எரியணும், சத்தம் கேக்கணும். அப்பத்தான் வெரலுக்கு ரோஷம் வரும்."

ஃபெர்மின் காபியைக் கீழே வைத்தார். "லைட்டு எரியற பட்டனா? அந்த எடம் எனக்கு நல்லாத் தெரியும்."

"தெரியும்டா," என்றார் வெல்டா. அன்றைய நிலையில் அவருக்கு அது நீண்ட வாக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் இருவரும் காப்பர் லான்டர்னுக்குப் போகத் தொடங்கினார்கள். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய இயந்திரம். அதன் பொத்தான் பெரியது, மெத்தென்று இறங்கும். ஃபெர்மின் விடுதி தந்த, தன் பெயருள்ள உறுப்பினர் அட்டையைச் செருகுவார், இருபது டாலர் நோட்டு ஒன்றை ஊட்டுவார். வெல்டாவின் வலது கையைத் தூக்கிப் பொத்தான்மேல் வைத்து, அதன்மேல் தன் பெரிய கையை வைத்து அழுத்துவார். இருபது டாலர் தீரும் வரைக்கும் அப்படியே. மேலிருக்கும் கை அழுத்தும், கீழிருக்கும் கை கூடவே இறங்கும்.

"என்ன ஃபெர்மின், கைரேகை பாக்கறியா?" என்று போகிறவர்கள் சீண்டுவார்கள்.

"கல்யாணம் ஆகி இத்தன வருஷம் கழிச்சு இப்பத்தான் இவ கைய எங்கிட்ட குடுத்திருக்கா, பொறுக்கலையா உனக்கு?"

வெல்டா பரிசைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று லவான் உறுதியாகச் சொல்கிறார். அந்த எண்களை அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் பார்த்துக்கொண்டிருந்தது தன் ஆள்காட்டி விரலை மட்டும்தான். ஒரு வருடத்துக்கு மேல் அது எதுவும் செய்யவில்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிறு. பரிமாறுகிற பெண் காபியோடு வந்தாள். ஃபெர்மின் கையை எடுத்தார், கோப்பையை வாங்கினார், அவளுக்கு டிப்ஸாகக் கொடுக்க ஒரு டாலர் நோட்டு தேடி அந்தப் பக்கமாகத் திரும்பிச் சட்டைப் பையையும் கால்சட்டைப் பையையும் துழாவினார். வெல்டாவின் கை பொத்தான்மேல் தனியாக இருந்தது.

விரல் அசைந்தது. பொத்தான் இறங்கியது.

சக்கரங்கள் சுற்றி நின்றன. விளக்கு சுழலத் தொடங்கியது. சத்தம் கேட்டுத் திரும்பிய ஃபெர்மின், இயந்திரத்தின் கண்ணாடியில் எரிந்த எண்ணைப் படித்தார். நாலாயிரத்து எண்ணூற்று அறுபது டாலர்.

"அடேங்கப்பா!" என்று எழுந்தே விட்டார். "பாத்தியா? குடுத்துத்தான் ஆகணும்னு நான் சொன்னனா இல்லையா?"

வெல்டா அந்த எண்ணைப் பார்க்கவில்லை. குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் வரிக்கான எல்லைக்கோடு ஆயிரத்து இருநூறு டாலரில் இருந்தது. பரிசு அதைத் தொட்டால் இயந்திரம் பூட்டிக்கொள்ளும், வாஷிங்டனில் இருக்கிற மத்திய அரசுக்குப் போகிற வரிப் படிவம் எழுத வேண்டும். இதைத் தவிர்ப்பதற்காகவே ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது டாலரோடு நிற்கிற இயந்திரங்கள்கூட உண்டு, எங்கள் ஊர்க்காரர்கள் அவற்றில்தான் இடம் பிடிப்பார்கள். அன்றைக்கு அவர்கள் உட்கார்ந்திருந்தது அப்படிப்பட்டதில் இல்லை.

வந்தவர் ரோசியோ பரெடெஸ். வெல்டாவோடு பல வருடம் ஒரே தளத்தில் நடந்தவர், அவருடைய இடத்துக்கு வந்தவர். பெரிய பரிசுக்கு இரண்டு பேர் சாட்சி வேண்டும் என்பதால் அன்றைய பொறுப்பாளர் டிரென்ட்டும் பின்னாலேயே வந்தார். அரசு உதவி விஷயம் இருவருக்கும் தெரியும். எங்கள் ஊரில் இதெல்லாம் தெரியாமல் இருக்காது.

ரோசியோ குனிந்து வெல்டாவை அணைத்துக்கொண்டார். மரியாதைக்குரிய பெண்களைத் தன் தாய்மொழியில் கூப்பிடுகிற மாதிரி 'டோன்யா' என்றுதான் எப்போதும் கூப்பிடுவார். "வாழ்த்துக்கள், டோன்யா வெல்டா! இந்த மெஷினு கடைசியில உங்களுக்கு ஓய்வூதியம் குடுத்துருச்சே." பிறகு படிவங்களை எடுத்துக்கொண்டு ஃபெர்மின் பக்கம் திரும்பினார். "பட்டனை அழுத்துனது நீங்கதானே, ஃபெர்மின்?"

"ஆமா, நான்தான். எப்பவும் நான்தானே அழுத்தறேன்," என்றார் ஃபெர்மின். அவர் பொய் சொல்லவில்லை. காபிக்குத் திரும்புவதற்கு முன் தான் அழுத்திய சுற்றுதான் இது என்று அவர் மனதார நம்பினார். பையிலிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்து நீட்டினார்.

"கேள்விய…" என்றார் வெல்டா. எல்லோரும் காத்திருந்தார்கள். "ஒழுங்கா… கேளு."

ரோசியோவின் முகம் சிவந்தது. பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்கக் கூடாது என்பது அவருக்கும் தெரிந்ததுதான். டிரென்ட் கூரையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டு, தரை விரிப்பைப் பார்த்தார்.

"பட்டனை அழுத்துனது யாரு?"

"நான்."

"ஏய், என்ன சொல்ற நீ?" ஃபெர்மின் குனிந்து அவர் காதோடு பேசினார், ஆனால் சுற்றியிருந்தவர்களுக்கும் கேட்டது. "உன் பேர எழுதுனா லவான் வரமாட்டா. புரியுதா? திங்கக்கெழமையே நிறுத்திருவாங்க. கார்டு என்னுது, பணம் என்னுது, கையும் என்னுது. சும்மா இரு."

"கை… என்னுது."

ரோசியோ மண்டியிட்டு வெல்டாவின் கண்மட்டத்துக்கு வந்தார். "டோன்யா, இன்னொரு வழி இருக்கு. ரெண்டு பேரும் சேந்து ஆடுனதா எழுதலாம். அதுக்குத் தனி ஃபார்ம் இருக்கு. பாதி உங்களுக்கு, பாதி அவருக்கு."

"பாதியே வரம்பத் தாண்டிரும்," என்றார் ஃபெர்மின். அவர் இந்தக் கணக்கை எந்த நேரமும் மனதில் வைத்திருந்தார்.

வெல்டா தலையை ஆட்டினார். "பாதி வெரலு… அழுத்தல. முழுசு."

பின்னால் காத்திருந்த ஒரு கிழவர், இயந்திரம் எப்போது காலியாகும் என்று கேட்டார். டிரென்ட் கடைசியில் வாயைத் திறந்தார். "மேடம், யாரும் எதிர்த்துப் பேசலேன்னா நாங்க கேமராவப் பாக்கவே போறதில்ல. ஃபெர்மின் சொல்றத எழுதிக்கிட்டு முடிச்சுரலாம். உங்க நல்லதுக்குத்தான்."

வெல்டா அவரையும் பார்த்தார், கூரையையும் பார்த்தார். "பாருங்க," என்றார். "போய்ப் பாருங்க."

அதற்கு மேல் யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை. படிவத்தில் வெல்டா உகால்டே என்று எழுதினார்கள். வரியை இப்போதே பிடித்துக்கொள்வதா என்று ரோசியோ கேட்டார். ஃபெர்மின் வேண்டாம் என்று கையசைத்தார். இனிமேல் ஒவ்வொரு டாலரும் வேண்டியிருக்கும் என்று அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. வெல்டா இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டார். நோட்டுகளை ரோசியோ எண்ணி வைக்கும்போது வழக்கமாகச் சுற்றி நிற்கிறவர்கள் கைதட்டுவார்கள். அன்றைக்கு ஒருவரும் தட்டவில்லை.

வீட்டுக்குப் போனதும் ஃபெர்மின் சமையலறையில் நின்றுகொண்டு கேட்டார்: "ஏன் அப்படிச் சொன்ன?"

"அசைஞ்சுது."

"என்ன அசைஞ்சுது?"

வெல்டா இடது கையால் வலது கையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். இருவரும் பார்த்தார்கள். விரல் அசையவில்லை. நெற்றியில் வியர்க்கும் அளவுக்கு அவர் முயன்றார். அசையவில்லை.

"நான் அழுத்தினதுதான் அது," என்றார் ஃபெர்மின், இந்தத் தடவை கோபமில்லாமல். "உனக்கு அப்படித் தோணியிருக்கு. ஆசைப்பட்டா அப்படித்தான் தோணும்."

"நீ… காபி வாங்கிட்டிருந்த. பாக்கல."

"சரி. பாத்தேன்னு சொல்றேன். போதுமா?"

"பாக்காம… சொல்லாத."

லவான் செவ்வாய்க்கிழமை வந்தபோது விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. "எங்க, காட்டுங்க பாக்கலாம்," என்றார். விரல் அன்றைக்கும் அசையவில்லை. லவான் மனதுக்குள் ஃபெர்மினின் பக்கம்தான் இருந்தார் என்பதை என்னிடம் ஒத்துக்கொண்டார். பக்கவாதம் வந்தவர்களுக்கு இல்லாத அசைவு இருப்பதுபோலத் தோன்றுவதை அவர் பார்த்திருக்கிறார்.

நவம்பரில் உதவி நின்றது. பரிசுப் பணத்திலிருந்தே லவானுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். இதில் இருக்கிற விபரீதத்தை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். அந்தப் பணம் வந்ததால் போன ஒன்றை அந்தப் பணத்தைக் கொண்டே திரும்ப வாங்கினார்கள், குளிர்காலம் முடியும் வரைக்கும். பனி உருகும்போது பணமும் தீர்ந்திருந்தது. ஏப்ரலில் வருமான வரி கட்ட வேண்டி வந்தது. எங்கள் மாநிலம் பரிசில் கை வைப்பதில்லை, ஆனால் வாஷிங்டன் விடாது. கையில் இல்லாத பணத்துக்கு ஃபெர்மின் தன் மீன்பிடிப் படகை விற்று வரி கட்டினார்.

பிறகு எல்லாவற்றையும் அவரே செய்தார். நாற்பது வருடம் ராட்சத லாரியின் சக்கரத்தைத் திருப்பிய கைகள் மனைவியின் மேல்சட்டையிலிருந்த சின்னப் பொத்தான்களோடு போராடின. தண்ணீர் ஒரு நாள் கொதிக்கும், ஒரு நாள் உறையும்.

"நான் என்ன… ஆடா? இப்படி ரோமத்தப் புடிச்சு… இழுக்கற," என்பார் வெல்டா, தலை வாரும்போது.

"எங்க தாத்தா ஆடுங்க இந்த அளவுக்கு வாயாடாது."

இருவரும் அந்த அக்டோபர் நாளைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பர் லான்டர்னுக்கும் போகவில்லை. வெல்டா தன் கையை யாருக்கும் காட்டுவதில்லை. நம்பாத மனிதரின் முன்னால் முயன்று தோற்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

ஜூலையில் ஒரு மதியம் ஃபெர்மின் வாசல் பக்கம் ஏர் கூலரைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே தொலைக்காட்சி அலறியது. விளம்பரம் வந்தால் சத்தம் கூடுவது வழக்கம். சத்தத்தைக் குறைக்கலாம் என்று வலைக்கதவைத் திறந்தவர் அங்கேயே நின்றார். வெல்டாவின் மடியில் ரிமோட் கிடந்தது, அதன்மேல் வலது கை. இடது கை நாற்காலியின் கைப்பிடியில் இருந்தது. சத்தம் ஒரு படி குறைந்தது. நின்றது. இன்னொரு படி குறைந்தது.

அவர் உள்ளே போகவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு ஏர் கூலருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். லவானைத் தெருவில் பார்த்தபோது மட்டும் சொன்னார். "நெசமாவே அவதான், லவான். அன்னைக்கும் அவதான் அழுத்தியிருக்கா." லவான் சொல்கிறார், அவ்வளவு பெரிய மனிதர் அப்படி அழுது தான் பார்த்ததில்லை என்று. ஆனால் வெல்டாவிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை போலிருக்கிறது.

செப்டம்பரில் வரிசை அவர்களிடம் வந்தது. உதவி திரும்பத் தருவதற்கு முன் ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார். எது முடியும், எது முடியாது என்று கேட்டு மதிப்பெண் போடுவார். முடியாதது எவ்வளவு அதிகமோ அவ்வளவு மணி நேரம் உதவி கிடைக்கும். இது தெரிந்தவர்கள் எல்லோரும் ஃபெர்மினைப் பிடித்துச் சொன்னார்கள். லவானே சொன்னார், தன் வேலையும் அதில் இருக்கிறது என்பதை மறைக்காமல்: "வலது கை சுத்தமா வரலைன்னு சொல்லுங்க. அது பெரிய பொய்யும் இல்ல. மத்தத நான் வந்து பாத்துக்கறேன்." ஃபெர்மின் தலையாட்டினார்.

வந்த அதிகாரி ரீனோ நகரத்திலிருந்து கார் ஓட்டி வந்த களைப்பான, அன்பான ஒரு பெண். சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். தானாகக் குளிக்க முடியுமா, படி ஏற முடியுமா, கரண்டி பிடிக்க முடியுமா. வெல்டா முடியாது, முடியாது, கொஞ்சம் என்று பதில் சொல்லி வந்தார்.

"வலது கை? ஏதாவது பயன் இருக்கா?"

வெல்டா பேச ஆரம்பிக்க எப்போதும் நேரமாகும். அந்த இடைவெளியில் அவர் ஃபெர்மினைப் பார்க்கவில்லை, மேசைவிரிப்பைப் பார்த்தார். உதடு அசைந்து, சொல் வருவதற்குள் ஃபெர்மின் முந்திக்கொண்டார்.

"ஒரு வெரல் வேல செய்யுது."

அதிகாரி நிமிர்ந்தார். "யாராவது கையப் புடிச்சுக்கணுமா?"

"யாரும் தொட வேண்டாம். அவளாவே அழுத்துவா. பட்டனை அழுத்துவா."

"எப்பலேர்ந்து?"

"போன அக்டோபர்லேர்ந்து."

வெல்டா இப்போது அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி பேனாவை எழுதாமல் பிடித்திருந்தார். "நீங்க உங்க கண்ணால பாத்தீங்களா? இத நான் எழுதுனா உங்களுக்குக் கெடைக்கற நேரம் கொறையும், சார். சும்மா கேக்கல."

"தெரியும். பாத்தேன்," என்றார் ஃபெர்மின். "எழுதிக்கங்க."

அவர் எழுதினார். லவான் இப்போது வாரத்துக்கு இரண்டு காலை வேளைதான் வருகிறார்.